விளக்கின் கீழ் நிற்கும் காவலர்

லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே 1868 டிசம்பரில் ஒரு கம்பம் நடப்பட்டது. சாலைப் போக்குவரத்துக்கென்று உலகில் அமைந்த முதல் சிக்னல் அது. வடிவமைத்த ஜே. பி. நைட் ரயில்வே சிக்னல் பொறியாளர். ஆகவே பகலில் ரயில் பாதையில் இருப்பது போன்ற கைகாட்டி; இரவில் சிவப்பும் பச்சையுமாக எரிவாயு விளக்கு. கம்பத்தடியில் ஒரு காவலர் நின்று அதை இயக்கினார். அடுத்த மாதமே எரிவாயு கசிந்து விளக்கு வெடித்தது, காவலர் காயமடைந்தார், யோசனையும் கைவிடப்பட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1914இல் மின்சார விளக்கு வந்தபோதும் சுவிட்சைப் போட்டவர் ஓரத்துச் சாவடியில் அமர்ந்திருந்த காவலர்தான். 1920களிலும் 30களிலும் அந்தக் காவலரின் இடத்துக்குக் கடிகாரப் பொறி வந்தது. இத்தனை விநாடி பச்சை, இத்தனை விநாடி சிவப்பு என்று முறை வைத்து அது ஓடியது. பிறகு சாலையில் பதித்த பட்டையை வாகனம் மிதித்தால் பச்சை விழும் ஏற்பாடு வந்தது. கனடாவின் டொரோன்டோ நகரம் 1963இல் தன் சிக்னல்களைக் கணினியின் கீழ் கொண்டுவந்தபோது, முதல் கம்பம் நட்டு 95 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 95 ஆண்டுகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் காவலர், பிறகு காவலர் கையில் விளக்கு, பிறகு கடிகாரம், பிறகு உணரி, கடைசியில் கணினி. ஒவ்வொரு படியிலும் சிக்னல் பழுது பார்க்கும் மின்பணியாளர், நேரம் கணக்கிடும் பொறியாளர், கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலை, அதற்கென நகராட்சியில் ஒரு பிரிவு என ஒரு தொழிலே அந்த நகரங்களில் வேர்பிடித்தது. கணினி வந்து சேர்ந்தபோது காவலர் நால்ரோட்டை விட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கணினி அங்கே எடுத்துக்கொண்டது கடிகாரத்தின் வேலையை. கடிகாரத்துக்கு அதிகாரம் கிடையாது, மேலதிகாரி கிடையாது, தன் சந்திப்பைப் பற்றிய சொந்த அறிவும் கிடையாது. அதைக் கழற்றி வைப்பதில் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. பாங்காக், மணிலா, டாக்கா, நம் இந்திய நகரங்கள் இவற்றில் நடந்தது வேறு. இங்கே கணினி வந்து இறங்கியபோது சந்திப்பை ஆண்டுகொண்டிருந்தவர் நிழற்குடையின் கீழ் நின்ற காவலர். கணினி எடுக்க வேண்டியிருந்தது அவருடைய வேலையை. வளரும் நாடுகளில் ஸ்மார்ட் சிக்னல்கள் ஏன் திரும்பத் திரும்பத் தடுமாறுகின்றன என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. பணமில்லை, மின்சாரமில்லை, மக்களிடம் ஒழுங்கில்லை என்பார்கள். எனக்கு வரலாறு காட்டும் காரணம் இந்த வேலை மாற்றம்தான். கருவியை வாங்கினோம். மனிதர் செய்துவந்த வேலையை அதனிடம் எப்படி ஒப்படைப்பது என்று யோசிக்கவில்லை.

ஒப்படைக்க வந்த கருவிகள் எங்கே பிறந்தவை என்று முதலில் பார்ப்போம். 1970களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஸ்காட்ஸ் என்ற முறை உருவானது. பிரிட்டனில் ஸ்கூட் என்ற முறை அதே பத்தாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நகரத்தில் சோதிக்கப்பட்டது. இரண்டுமே சாலையின் தார்ப்பரப்பைக் கீறி உள்ளே பதித்த கம்பிச் சுருளைக் கண்ணாகக் கொண்டவை. மேலே இரும்பு உடல் கடந்தால் சுருளில் மின்தூண்டல் மாறும். ஒரு வாகனம் வந்தது என்று கணினி எண்ணிக்கொள்ளும். ஸ்காட்ஸ் நிறுத்தக் கோட்டருகே எண்ணும். ஸ்கூட் அதற்கு வெகு முன்பே எண்ணி, வரிசை எவ்வளவு நீளும் என்று கணிக்கும். எண்ணிக்கைக்கு ஏற்பப் பச்சையின் நீளம் சில விநாடிகள் கூடும், குறையும். 1980களிலும் 90களிலும் இந்த இரண்டு முறைகளும் ஆசியாவுக்கு வந்தன. பெய்ஜிங்குக்கு ஸ்கூட், ஷாங்காய்க்கு ஸ்காட்ஸ், மணிலாவுக்கு ஸ்காட்ஸ், பாங்காக்குக்கு ஸ்கூட். சீன நகரங்களில் அன்று சாலையை நிறைத்திருந்தவை சைக்கிள்கள். கார்கள் வரிசையாக வரும் சாலைக்கென்று செய்த கண், ஊரே சைக்கிளில் போகும் சாலையைப் பார்க்க நேர்ந்தது.

பாங்காக்கில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் காவலருக்கும் கணினிக்குமான இழுபறி அங்கே எல்லோர் கண்முன்னும் நடந்தது. அந்நகரத்தின் பெரிய சந்திப்புகளில் காவலருக்கென்று கண்ணாடிச் சாவடி உண்டு. சிக்னலை நிறுவுவதும் பராமரிப்பதும் மாநகராட்சி, இயக்குவது காவல்துறை. நெரிசல் நேரம் வந்ததும் சாவடியிலிருக்கும் காவலர் தானியங்கியை அணைத்துவிட்டு விளக்கைக் கையால் இயக்குவார். ஒரு திசைக்குப் பச்சை போட்டால் வரிசையின் வால் தெரியும்வரை நிறுத்தமாட்டார். மற்றத் திசைக்காரர்கள் பல நிமிடங்கள் காத்திருப்பார்கள். வெளிநாட்டு ஆலோசகர்கள் பலரும் இதைத் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ளாத பழமைவாதம் என்றே கருதினார்கள். அது நியாயமான தீர்ப்பு அல்ல. பச்சை ஒவ்வொரு முறை மாறும்போதும் சில விநாடிகள் யாருக்கும் பயன்படாமல் போகின்றன. புறப்படும் வண்டி வேகமெடுக்க நேரமாகிறது, கடைசி வண்டி சந்திப்பைக் காலிசெய்ய நேரமாகிறது. மாற்றங்களைக் குறைத்தால் அந்த இழப்பு குறையும். சாவடிக் காவலர் எந்தச் சூத்திரமும் படிக்காமல் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை இது.

சூத்திரமும் அவர் பக்கம்தான் சாய்கிறது. சிக்னல் பொறியியலின் அடிப்படைக் கணக்கைப் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் எஃப். வி. வெப்ஸ்டர் 1958இல் வகுத்தார். ஒரு சுற்றில் வீணாகும் மொத்த விநாடிகளை ஒன்றரையால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, சந்திப்பில் மிச்சமிருக்கும் கொள்ளளவின் விகிதத்தால் வகுத்தால் தாமதம் மிகக் குறைவாக இருக்கும் சுற்று நேரம் கிடைக்கும். நான்கு திசைக்கும் தனித்தனிப் பச்சை விழும் ஒரு நால்ரோட்டில் சுற்றுக்கு 16 விநாடி வீணாவதாக வைத்துக்கொள்வோம். கொள்ளளவில் 60 விழுக்காடு நிரம்பியிருந்தால் விடை 73 விநாடி. 80 விழுக்காட்டில் 145 விநாடி. 90 விழுக்காட்டில் 290 விநாடி, அதாவது ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 95 விழுக்காட்டில் 580 விநாடி, ஏறக்குறைய பத்து நிமிடம். முழுவதும் நிரம்பிவிட்டால் வகுக்கும் எண் பூஜ்யமாகிறது; கணக்குக்கு விடையே இல்லை. ஆசிய நகரங்களின் முக்கியச் சந்திப்புகள் காலையும் மாலையும் இந்த விடையில்லாத நிலையில்தான் இருக்கின்றன. பச்சையைச் சில விநாடி கூட்டிக் குறைக்கும் கருவிக்கு அங்கே கூட்டவும் குறைக்கவும் எதுவும் மிஞ்சுவதில்லை. காவலர் தன் சுற்றை நீட்டுவது அந்த வெறுமைக்கு மனிதர் கண்ட மறுமொழி.

ஆனால் அவர் பார்ப்பது தன் சந்திப்பை மட்டுமே. இதை மறைக்கக் கூடாது. அவர் ஒரு திசையை நீண்ட நேரம் அடைத்தால் அந்த வரிசை பின்னால் வளர்ந்து முந்தைய சந்திப்பின் நடுவே போய் நிற்கும்; அங்கே பச்சை விழுந்தாலும் வண்டி நகர இடமிருக்காது. அங்கிருக்கும் காவலரும் அதையே செய்வார். பத்துச் சந்திப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மூளை தேவை என்ற வாதம் இங்கே வலுவானது, உண்மையானது. அந்த மூளை காவலரின் அறிவைத் தனக்குள் எடுத்துக்கொண்டதா என்பதே கேள்வி. எந்தப் பள்ளி எப்போது விடும், எந்தச் சந்தில் மழைத்தண்ணீர் நிற்கும், எங்கே பேருந்து நடுச்சாலையில் நின்று ஆள் ஏற்றும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதி, நேரத் திட்டமாக மாற்றும் வேலை பெரும்பாலான திட்டங்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. சாவடியை வெறுமனே சுற்றிக்கொண்டு கம்பி போனது.

கடன் வாங்கிய எண்களின் கதை இந்தியாவில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பச்சை விழுந்ததும் ஒரு சாலையிலிருந்து மணிக்கு அதிகபட்சம் எத்தனை வண்டி வெளியேறும் என்பதே எல்லாச் சிக்னல் கணக்குக்கும் ஆதாரம். வெப்ஸ்டர் காலத்து பிரிட்டனில் அளந்தபோது சாலை அகலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் மணிக்கு 525 கார் அலகு, அதாவது எல்லா வண்டிகளையும் காருக்கு ஈடாக மாற்றிய எண்ணிக்கை, என்று வந்தது. இந்தியச் சாலைப் பேராயம் 1985இல் வெளியிட்ட சிக்னல் வழிகாட்டி அந்த 525ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. நம் சாலையில் பச்சைக்காக நிற்கும் கூட்டத்தின் முன்வரிசை முழுதும் இருசக்கர வாகனங்கள். கார்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் நுழைந்து முன்னால் வந்து சேர்ந்தவை அவை. பச்சை விழுந்த முதல் சில விநாடிகளிலேயே மொத்தமாகப் பாய்ந்துவிடும். அவற்றுக்குப் பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் பேருந்து. பிரிட்டனின் எண் இந்தக் கூட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்திய நகரங்களில் நேரடியாக அளந்து, ஏழு மீட்டருக்குக் குறைவான சாலைகளுக்கு மீட்டருக்கு 630 என்றும், அகலம் கூடக் கூட மீட்டருக்கான எண் இறங்கும் என்றும் நம் சொந்தக் கையேடு சொன்னது 2017இல். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் பல கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து செய்த வேலை அது. நடுவே போனவை 32 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நட்ட சிக்னல்கள் நம் சாலையை இன்னொரு நாட்டின் அளவுகோலால்தான் அளந்தன. திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனம் கலப்புப் போக்குவரத்துக்கென்றே ஒரு தானியங்கி முறையை உருவாக்கிப் பல நகரங்களில் நிறுவியதை இங்கே மதிப்போடு குறிப்பிட வேண்டும். கூட்டத்தின் இயல்பைப் படித்துக் கருவி செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

கம்பிச் சுருளுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுருள் வேலை செய்ய வேண்டுமானால் சாலை தோண்டப்படாமல் இருக்க வேண்டும். குடிநீர், கழிவுநீர், மின்வடம், தொலைபேசி வடம், மெட்ரோ எல்லாம் ஒரே சாலையின் கீழே போகும் நகரத்தில், ஒவ்வொரு துறையும் தன் முறைக்குத் தோண்டும். மறுதார் போடும்போது பழைய பரப்பைச் சுரண்டினால் சுருள் அதோடு போகும். அறுந்த சுருளை ஒட்டவைக்க யாரோ ஒருவர் மறுநாள் வர வேண்டும். வராவிட்டால் கணினி பழைய கணக்கிலேயே விளக்கை ஓட்டும், அதாவது விலையுயர்ந்த கடிகாரமாகிவிடும். வர வேண்டிய அந்த ஒருவரே நம் திட்டங்களில் இல்லாதவர். நிறுவுவதற்கு உலக வங்கியோ வெளிநாட்டு அரசோ கடன் தரும்; அது மூலதனச் செலவு. பராமரிப்பு, சம்பளம், உதிரிப் பொருள் என்பவை நகரத்தின் வருவாய்ச் செலவு. அதற்குக் கடன் கிடைக்காது. ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடியும் நாளில்தான் இந்த வித்தியாசம் சாலைக்கு வந்து சேர்கிறது.

அதிகாரப் பிரச்சினைக்கு டாக்காவை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1990களின் இறுதியில் தொடங்கிய நகரப் போக்குவரத்துத் திட்டம், அடுத்து 2009க்குப் பின் தூய காற்றுத் திட்டம் என இரு முறை உலக வங்கிக் கடனில் டாக்காவின் சந்திப்புகளில் சிக்னல்கள் நடப்பட்டன. ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் ஆதரவில் சில சந்திப்புகளுக்கு இன்னொரு முறை வந்தது. கம்பங்களும் விளக்குகளும் நகராட்சிகளுடையவை. சாலையில் நிற்பவர்கள் காவல்துறை. இருவரையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு மூன்றாவதாக ஓர் ஆணையத்துக்கு. விளக்கு எந்த நிறம் காட்டினாலும் வண்டி ஓட்டுபவர் காவலரின் கையைப் பார்த்தார். சில சந்திப்புகளில் காவலர்கள் குறுக்கே கயிறு பிடித்து வண்டிகளை நிறுத்தினார்கள். 2015இல் ஒரு முக்கிய வழித்தடத்தில் தானியங்கி ஓட்டத்தை முயன்று பார்த்து, நெரிசல் முற்றியதும் பழைய கைமுறைக்கே திரும்பினார்கள். காவல்துறையிடம் கேட்டால் நகராட்சியின் நேரத் திட்டம் தவறு என்பார்கள். நகராட்சியிடம் கேட்டால் காவல்துறை ஒத்துழைக்கவில்லை என்பார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருந்தது. அண்மையில் வங்கதேசப் பொறியியல் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் உள்நாட்டிலேயே செய்த ஒரு சிக்னல் முறையை முன்வைத்திருக்கிறார்கள். சாதாரண நேரத்தில் தானே ஓடும். நெருக்கடியில் காவலர் பொத்தானை அழுத்தித் தானே விளக்கை மாற்றலாம். சாலையில் தெரியும் நிறமும் காவலரின் ஆணையும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். இது சிறிய மாற்றம் போலத் தெரியும். ஆனால் விளக்கும் கையும் முரண்படாத ஒரு சந்திப்பை டாக்கா மக்களுக்குத் தர முயலும் வடிவமைப்பு இது. முந்தைய திட்டங்கள் காவலரைக் கணக்கில் எடுக்காமல் வரைந்ததை இது திருத்துகிறது.

சென்னை இதற்கு வெகு தொலைவில் இல்லை. மாநகராட்சிச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை, தேசிய நெடுஞ்சாலை மூன்றும் சந்திக்கும் நகரம் இது. சிக்னல் காவல்துறையிடம், பேருந்து இன்னொரு நிறுவனத்திடம், மெட்ரோ வேறொன்றிடம். எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் நிறைவேறியது. அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடக்க 2022 ஆயிற்று. அந்த இடைவெளிக்குள் ஜைக்கா கடனுதவியில் நகரத்துக்கு அறிவார்ந்த போக்குவரத்துத் திட்டம் ஒன்று கையெழுத்தாகிவிட்டது. கருவிக்கான ஒப்பந்தம் அதை ஆள வேண்டிய அமைப்புக்கு முன்னால் பிறந்தது. நாடு முழுவதும் நடந்ததும் இதுவே. 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் அமைந்தன. 2025 மார்ச்சில் திட்டம் முடிவுக்கு வந்தது. சுவர் முழுதும் திரைகள் கொண்ட அந்த அறைகளை அடுத்த பத்தாண்டு நடத்தும் பொறியாளர்களுக்கு நிரந்தரப் பணியிடம் எத்தனை நகரங்கள் உருவாக்கியிருக்கின்றன என்பதை ஒவ்வொரு நகரத்தவரும் கேட்டாக வேண்டும்.

மக்களிடம் ஒழுங்கில்லை, அதனால்தான் எந்தக் கருவியும் இங்கே பலிக்கவில்லை என்பது இதற்கு எதிராக வரும் பெரிய வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சிவப்பில் பாய்கிறவர்களைத் தினமும் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் ஒழுங்கு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். காவலரின் சைகை விளக்கின் நிறத்தை விட மேலானது என்பது 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே உள்ள விதி. விபத்தும் அவசரமும் கருதி வைத்த விலக்கு அது. விலக்கு அன்றாடமாகிவிட்ட நகரத்தில், விளக்கைப் பார்க்காமல் கையைப் பார்ப்பவரே விதியைச் சரியாகப் பின்பற்றுகிறார். காவலர் இல்லாத சந்திப்பில் அதே மனிதர் எதையும் பார்ப்பதில்லை. வரிசை மீறலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மூன்றரை மீட்டர் அகலத் தடம் காருக்கும் பேருந்துக்கும் ஏற்றது. ஆட்டோவுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை, இருசக்கர வண்டிக்கு இன்னும் குறைவு. சாலையில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள் ஓடும் ஊரில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தின் நடுவே நின்றால் வரிசை பல மடங்கு நீளும். டெல்லி ஐ.ஐ.டி.யில் தினேஷ் மோகனும் கீதம் திவாரியும் பல ஆண்டுகள் வலியுறுத்திய கருத்து இதுவே: கலப்புப் போக்குவரத்தை அதன் இயல்பில் ஏற்றுச் சாலையையும் சிக்னலையும் வடிவமையுங்கள். அவர்கள் பேச்சு போதிய அளவு கேட்கப்படவில்லை.

ஏழை நாடு என்பதே காரணம் என்பாருக்குச் சிங்கப்பூரின் 1975ஐ நினைவூட்ட வேண்டும். அன்று அது விடுதலை பெற்றுப் பத்தாண்டே ஆன, வளர்ந்துகொண்டிருந்த நாடு. அவ்வாண்டு ஜூன் 2ஆம் தேதி நகர மையத்துக்குள் காலை நெரிசலில் நுழையும் கார்களுக்கு நாளுக்கு மூன்று டாலர் கட்டணம் விதித்தது. கருவி என்று எதுவும் இல்லை. கடையில் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டும் காகித உரிமச் சீட்டு. மையத்தைச் சுற்றி 20க்கு மேற்பட்ட நுழைவிடங்களில் நின்று பார்க்கும் பணியாளர்கள். சீட்டில்லாத வண்டியை நிறுத்தாமல் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், அபராதம் வீட்டுக்கு வரும். நான்கு பேர் சேர்ந்து வரும் காருக்குக் கட்டணமில்லை. கட்டண நேரத்தில் நுழையும் வாகனங்கள் சுமார் 44 விழுக்காடு குறைந்தன. எல்லாம் பலித்ததாகவும் சொல்ல முடியாது. மையத்துக்கு வெளியே காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வர அமைத்த நிறுத்தங்கள் வெறிச்சோடிக் கிடந்தன, கட்டண நேரத்தைச் சில வாரங்களிலேயே நீட்ட வேண்டியிருந்தது. ஆனால் திருத்த முடிந்தது, ஏனென்றால் இருந்தது காகிதமும் மனிதர்களும். 1988இல் ஸ்காட்ஸ் அடிப்படையிலான சிக்னல் முறை வந்தது. 1995இல் விரைவுச்சாலையில் மறுபடியும் காகிதச் சீட்டை வைத்து, இனி ஒவ்வொரு முறை கடப்பதற்கும் கட்டணம் என்ற பழக்கத்தை ஓட்டுநர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மின்னணுக் கட்டணம் 1998இல் வந்தது. 23 ஆண்டுகள் மனிதர் செய்து, பிழை திருத்தி, சட்டமாகவும் பழக்கமாகவும் உறைந்த ஒரு வேலையைத்தான் கருவி பெற்றுக்கொண்டது. சிங்கப்பூர் சிறிய தீவு, ஒரே அரசு, எதிர்ப்பு குறைவு என்ற மறுப்பு சரியானதே. அந்த வசதிகள் வேறு ஊருக்குக் கிடைக்காது. வேலையை முதலில் கையால் செய்து கற்றுக்கொள்ளும் வரிசையை எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜகார்த்தா இதற்குத் தலைகீழான பாடம். அங்கே 1992 முதல் முக்கியச் சாலைகளில் நெரிசல் நேரத்தில் காரில் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. காவலர் கண்ணால் பார்த்துப் பிடித்தார். காசு வாங்கிக்கொண்டு கூட ஏறி உட்காரும் ஆட்கள் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். விதி ஊழலாகிவிட்டது, பயனற்றது என்று எல்லோரும் பேசினார்கள். மின்னணுக் கட்டணம் வரும் என்று 2014இல் வளைவு நட்டுச் சோதித்தார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. 2016இல் பழைய விதியையும் எடுத்துவிட்டார்கள். அப்போது ரெமா ஹன்னா, கேப்ரியல் கிரெய்ன்ட்லர், பெஞ்சமின் ஓல்கன் மூவரும் கூகுள் வரைபடத்தின் பயண நேரங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். காலைத் தாமதம் 46 விழுக்காடும் மாலைத் தாமதம் 87 விழுக்காடும் ஏறியிருந்தன. குறைகள் நிறைந்த, காவலர் கண்ணை நம்பிய விதி உண்மையில் நகரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று நவீனக் கருவிதான் காட்டிக்கொடுத்தது. வராத கருவியை நம்பி இருக்கும் ஏற்பாட்டைக் கலைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான அளவீடு வேண்டியதில்லை.

சுங்கத்தை மின்னணு முறையில் கட்டும் பாஸ்டேக் வெற்றிபெறவில்லையா என்று கேட்பார்கள். பெற்றது, 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாகி நிலைத்தும்விட்டது. அதை ஆராய்ந்தால் என் வாதமே உறுதிப்படும். சுங்கம் வசூலிக்கும் வேலை முன்பே வரையறுக்கப்பட்டிருந்தது. எவ்வளவு, எங்கே, யார் வாங்குவது என்பதில் குழப்பமில்லை. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஒரே தலைமை. குறுக்கே ஒரு தடுப்புக்கட்டை. கருவி மாற்றியது பணம் கைமாறும் முறையை மட்டும். நால்ரோட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. இனி கம்பிச் சுருள் வேண்டாம், கேமராவும் செயற்கை நுண்ணறிவும் தடமில்லாத கூட்டத்தையும் எண்ணிவிடும் என்ற வாதமும் வலுத்துவருகிறது. கண் மேம்பட்டிருக்கிறது, அதில் ஐயமில்லை. கூகுளின் கிரீன் லைட் திட்டம் கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களில் கைப்பேசித் தரவிலிருந்து சிக்னல் நேரத்துக்கு யோசனை சொல்கிறது. புதிய கம்பம்கூடத் தேவையில்லை. ஆனால் யோசனையைப் படித்து, சந்திப்புக்குப் போய்ப் பார்த்து, ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுத்து விளக்கை மாற்ற ஒரு பொறியாளர் வேண்டும். கண் எவ்வளவு கூர்மையானாலும் அந்த நாற்காலி காலியாக இருந்தால் யோசனை காகிதத்தோடு நிற்கும்.

இந்த எண்ணிக்கைகளில் சேராமல் போகிறவர்களைப் பற்றியே எனக்கு மிகுந்த கவலை. கம்பிச் சுருள் நடப்பவரை எண்ணாது. கைப்பேசித் தரவு வண்டியின் தாமதத்தைச் சொல்லும். குழந்தையோடு சாலையைக் கடக்க நிற்கும் பெண்ணின் காத்திருப்பைச் சொல்லாது. எழுபது பேர் வரும் பேருந்தும் ஒருவர் வரும் காரும் பல திட்டங்களில் ஏறக்குறைய ஒரே தரம். இந்தியச் சாலைகளில் 2022இல் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். வண்டி வேகமாகப் போவதை மட்டும் இலக்காக வைத்துச் சிக்னலைச் சீராக்கினால், சாவோர் பட்டியலில் முன்னால் நிற்கும் இவர்களுக்குப் பச்சை இன்னும் குறையும். சிக்னலையே எடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளித் திரும்பும் வளைவு வைக்கும் வழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. மணிலாவில் பயானி பெர்னாண்டோ பெருநகர ஆணையத் தலைவராக இருந்த 2002 முதல் 2009 வரையிலான காலத்தில் அது பெருமளவில் நடந்தது. நம் ஊர்களிலும் நடக்கிறது. வண்டி நிற்காமல் ஓடும் சாலையில் நடப்பவருக்குக் கடக்கும் நேரம் என்று ஒன்று இல்லாமலே போகிறது.

ஆகவே அடுத்த ஸ்மார்ட் சிக்னல் டெண்டர் உங்கள் ஊரில் அறிவிக்கப்படும்போது, எத்தனை கேமரா, எத்தனை கோடி என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே நட்டவற்றில் இன்று எத்தனை தானாக ஓடுகின்றன என்ற பட்டியலை வெளியிடச் சொல்லுங்கள். சந்திப்பில் நிற்கும் காவலரிடம் நேரத் திட்டம் வரைந்தவர்கள் பேசினார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பழுது பார்க்க வரும் ஆளின் பணியிடம் மாநகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நடப்பவருக்கு ஒரு சுற்றில் எத்தனை விநாடி என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த நான்கு கேள்விக்கும் விடை இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்திட எந்த நகரத்துக்கும் அவசரம் இல்லை.